25 கஜத்துக்கான காகிதம்: டெல்லிக் காலனி ஒன்றில் 1976-ஐப் பதிவுசெய்த ஒரு நிகழ்வு

பின்னணி

யமுனைக்குக் கிழக்கே, தமிழர்கள் கணிசமாக வாழும் ஒரு மறுகுடியேற்றக் காலனி. பெயர் வேண்டாம். திரிலோக்புரி, கல்யாண்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி, ஜஹாங்கீர்புரி என்று, இந்திரா காந்தி அரசு 1975-ல் அறிவித்த நெருக்கடி நிலைக் காலத்தில் டெல்லியின் ஓரங்களில் உருவான காலனிகளைப் போன்றதுதான் இதுவும். நகரின் நடுவே இருந்த ஜுக்கிகளை, அதாவது குடிசைகளை, இடித்து, ஆட்களையும் சட்டி பானைகளையும் லாரியில் ஏற்றி, வெட்டவெளியில் இறக்கிவிட்டு, குடும்பத்துக்கு 25 சதுர கஜம் என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். 225 சதுர அடி. 1975 ஜூனிலிருந்து 1977 மார்ச்சுக்குள் டெல்லியில் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் கட்டுமானங்கள் இடிக்கப்பட்டன என்பது பின்னால் விசாரித்த ஷா கமிஷனின் கணக்கு.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை சேலம், விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவை. பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். ஆண்கள் கட்டட வேலை, துணி தேய்ப்பு, சமையல் என்று கிடைத்ததைச் செய்தார்கள். இப்போது மூன்றாவது தலைமுறை. தமிழ் பேசுவார்கள், எழுதப் படிக்கத் தடுமாறுவார்கள். அவர்களுக்காக ஒரு மாடி அறையில் மாலை வகுப்பு நடக்கிறது. நானும் அங்கே பாடம் எடுக்கிறேன்.

இந்த நிகழ்வை எழுத சம்பந்தப்பட்ட குடும்பம் சம்மதித்திருக்கிறது. ஊர், தெரு, பெயர் எதுவும் வராது என்பதுதான் நிபந்தனை.

முதலில் போட்ட திட்டம்

2025 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு 50 ஆண்டுகள் நிறைவு. அதை ஒட்டி ஒரு சுவர்க் கண்காட்சி வைக்கலாம் என்று வகுப்பின் பெரிய பிள்ளைகள் கேட்டார்கள். தலைப்பு ‘அடக்குமுறையும் எதிர்ப்பும்’. ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பத்தி: இடது பக்கம் ஆட்சி என்ன செய்தது, வலது பக்கம் மக்கள் எப்படி எதிர்த்தார்கள். 1799-ல் கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மன், 1801-ல் மருது சகோதரர்கள், 1806 வேலூர்ப் புரட்சி, 1919 ஜாலியன்வாலாபாக், 1930 வேதாரண்யம். கடைசி அட்டை நெருக்கடி நிலை. அதற்கு மட்டும் காலனிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுவதாக ஏற்பாடு.

இந்தக் கட்டத்தில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒன்று, எந்தக் கட்சியிடமும் பணம் வாங்குவதில்லை, எந்தக் கட்சிக்காரரையும் மேடைக்கு அழைப்பதில்லை. 2024-ல் மத்திய அரசு ஜூன் 25-ஐ அரசியல் சாசனப் படுகொலை நாள் என்று அறிவித்திருந்தது. அந்த நாளைச் சொந்தம் கொண்டாட ஆட்கள் வருவார்கள், அதை மறுக்கவும் ஆட்கள் வருவார்கள். நடுவில் எங்கள் பெரியவர்களின் பேச்சு காணாமல் போய்விடும்.

இரண்டாவது, நான் வற்புறுத்திச் சேர்த்தது: மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தார்கள். ஒரு பதிவேட்டில் கைரேகை வைப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். அந்த ரேகைதான் ஒருவர் இரவில் எங்கே தூங்கலாம் என்பதைத் தீர்மானித்தது, பிறந்த சாதியையே குற்றமாக்கியது என்று விளக்கினேன். வேலூரிலும் பற்றவைத்தது அதுபோன்ற ஒன்றுதான். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, புதிய தலைப்பாகையைத்தான் அணிய வேண்டும் என்று சிப்பாய்களின் உடம்பின் மேல் போட்ட உத்தரவு.

கேள்விக்கு வந்த பதில்

பெரியவர்களிடம் பிள்ளைகள் எடுத்துப் போன முதல் கேள்வி, “நெருக்கடி நிலையை நீங்க எதிர்த்தீங்களா?” என்பது. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். “நமக்கென்ன தெரியும் கண்ணு, வேலைக்குப் போனோம், வந்தோம்.” சிலர் அந்தக் காலத்தைப் புகழவும் செய்தார்கள். ரேஷன் கடை நேரத்துக்குத் திறந்தது, ஆபீஸில் ஆள் இருந்தார்கள் என்றார்கள். அதையும் அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னேன். ஒரு கொடுங்காலத்தைக் கடந்தவர்கள் அதைப் பற்றி நல்லதாக நினைவு வைத்திருந்தால் அதுவும் அந்தக் காலத்தின் சாட்சியம்தான்.

வலது பக்கப் பத்தியில் எழுத எதுவுமில்லாமல் பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். கேள்வியை மாற்றினோம். எதிர்ப்பு என்ற பேச்சையே எடுக்காமல், “இந்த 25 கஜம் உங்க கைக்கு எப்படி வந்துச்சு? அந்தப் பர்ச்சி இருக்கா?” என்று கேட்கச் சொன்னோம். நிலத்துக்கான ஒதுக்கீட்டுச் சீட்டைக் காலனியில் எல்லோரும் பர்ச்சி என்றுதான் சொல்வார்கள். காகிதத்தைக் கேட்டதும் ட்ரங்குப் பெட்டிகள் திறந்தன.

பெட்டியில் இருந்த காகிதம்

வகுப்பில் படிக்கும் 17 வயதுப் பெண் ஒருத்தி. அவளுடைய தாத்தாவுக்கு 80-ஐ நெருங்கும் வயது. பர்ச்சி வாங்குவதற்காகத் தாத்தாவுக்குக் கட்டாய நஸ்பந்தி, அதாவது ஆண் கருத்தடை அறுவை, செய்துவிட்டார்கள், அதனால்தான் அப்பாவுக்குக் கூடப்பிறந்தவர் ஒரே ஒரு அத்தை என்பது அந்த வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை. கடைசி அட்டையில் தாத்தாவின் கதையைத்தான் வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

அவள் கொண்டுவந்த பிளாஸ்டிக் உறையில் பழைய ரேஷன் கார்டு, பர்ச்சி, அப்புறம் ஒரு அறுவைச் சான்றிதழ். மடிப்பு விழுந்த இடங்களில் இற்றுப்போய் நான்கு துண்டாகப் பிரிந்திருந்தது. ஊதா நிற ரப்பர் முத்திரை. அச்சடித்த படிவத்தில் பேனாவால் நிரப்பியிருந்தார்கள். அறுவை செய்துகொண்டவர் பெயர் தாத்தாவுடையது இல்லை. வயது 22. குழந்தைகள் என்ற இடத்தில் 2. கீழே, அவரை அழைத்துவந்தவர் என்ற இடத்தில்தான் தாத்தாவின் பெயரும் கட்டைவிரல் ரேகையும் இருந்தன.

பெயரைப் படித்ததும் அந்தப் பெண் அமைதியாகிவிட்டாள். அது அவர்கள் வீட்டிலேயே கடைசிவரை இருந்து சில ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன சின்னத் தாத்தாவின் பெயர். தாத்தாவின் சொந்தத் தம்பி இல்லை. ஊரிலிருந்து வந்த தூரத்து உறவு. கல்யாணம் செய்துகொள்ளாதவர். குழந்தை எதுவும் கிடையாது.

அன்றைய நடைமுறை இதற்கு இடம் கொடுத்தது. டெல்லியில் மனைக்கும் நஸ்பந்திக்கும் முடிச்சுப் போட்டிருந்தார்கள். தானே செய்துகொள்ள வேண்டும், அல்லது செய்துகொள்ள ஒருவரைக் கூட்டிவர வேண்டும். அரசு ஊழியர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும்கூட ஆள் பிடிக்கும் இலக்கு இருந்தது. இலக்கு மேலிருந்து கீழே வரவர, கடைசியில் அது போய் உட்கார்ந்தது யாருக்கும் தெரியாத, ஊருக்குப் புதிதாக வந்த, கையில் காசில்லாத ஆள்களின் மேல். 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. திருமணமாகாதவர்களுக்குச் செய்ததாக 548 புகார்களும், அறுவையை ஒட்டி இறந்தவர்கள் என்று 1,774 பேரும் ஷா கமிஷனின் அறிக்கையில் வருகிறார்கள். எங்கள் கையில் இருந்த காகிதம் அந்த 548-ல் ஒன்றாக இருக்க வாய்ப்பில்லை. இவர்கள் யாரிடமும் புகார் செய்யவில்லை.

ஆயா சொன்னது

தாத்தாவிடம் உடனே போகவில்லை. முதலில் ஆயாவிடம் பேசலாம் என்று முடிவெடுத்தோம். வயதான ஆணிடம் பேரப்பிள்ளைகள் முன்னால் இதைக் கேட்டால் அவர் மறுக்கத்தான் செய்வார், அதன்பிறகு உண்மைக்குத் திரும்பிவருவது அவருக்கே கஷ்டமாகிவிடும் என்று தோன்றியது. ஆயா பேத்தியை வெளியே அனுப்பவில்லை. பூண்டு உரித்துக்கொண்டே சொன்னார்.

“அவரு போறேன்னுதான் கெளம்புனாரு. நாந்தான் உடலை. மூட்டை தூக்குற ஆளு படுத்துட்டா சோத்துக்கு என்ன பண்றது? அங்க போயி செத்தவங்க கதையெல்லாம் வேற கேட்டிருந்தோம். படிவம் எழுதறவன் ஒருத்தன் இருந்தான், நம்ம ஆளுதான். வேற யாரையாச்சும் கூட்டியா, உம்பேருல பர்ச்சி வரும்னான். இந்தப் பையன் அப்பத்தான் ஊர்லேந்து வந்து எங்ககூடத் தங்கியிருந்தான். அண்ணனுக்காகன்னு போயிட்டான். என்ன பண்ணுவாங்கன்னு அவனுக்கு முழுசாத் தெரியாது. 75 ரூவாயும் ஒரு டப்பா நெய்யும் குடுத்தாங்க. நெய்ய நேரா எங்கிட்ட கொண்டாந்து குடுத்துட்டான்.”

பர்ச்சி வந்ததும், கிடைத்த 25 கஜத்தில் பாதியைச் செங்கல் வரிசை வைத்துப் பிரித்து அவருக்குக் கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் கிடையாது. கடைசிவரை அவர் அந்தப் பாதியில்தான் இருந்தார். அவர் சாகும்வரை ஒரு வேளைகூட வெளியில் சாப்பிட விட்டதில்லை என்றார் ஆயா.

அடுத்த வாரம் தாத்தாவே கூப்பிட்டு அனுப்பினார். அதிகம் பேசவில்லை. “எம்பேரப் போட்டே எழுதுங்க. அவன் பேரு வேணாம்” என்றார். ஒரு பையன், ஏன் தாத்தா கோர்ட்டுக்குப் போகலை என்று கேட்டான். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. அடுத்த வகுப்பில் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டோம். பழைய டெல்லியின் துர்க்மான் கேட்டில் வீடு இடிப்பை எதிர்த்தவர்கள் மேல் போலீஸ் சுட்டது 1976 ஏப்ரல் 19. நெருக்கடி நிலை இருக்கும்வரை சட்டவிரோதக் காவலை எதிர்த்துக்கூட நீதிமன்றம் வர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தது ஏப்ரல் 28. மாறுபட்டு எழுதிய எச்.ஆர். கன்னாவுக்குத் தலைமை நீதிபதி பதவி மறுக்கப்பட்டது. படித்தவர்களுக்கே மூடியிருந்த கதவு அது. மூட்டை தூக்கியவர் அங்கே போய் நின்றிருக்க முடியாது.

எதைக் காட்டுவது, எதை விடுவது

கண்காட்சிக்குச் சில வாரங்களே இருந்தன. குடும்பத்துக்குள் கருத்து ஒன்றாக இல்லை. தாத்தா வெளியே சொல்ல வேண்டும் என்றார். மகன், அதாவது அந்தப் பெண்ணின் அப்பா, கூடாது என்றார். “எங்க அப்பாவப் பாவம்னு நெனச்சுக்கிட்டிருந்த தெரு, நாளைக்கு வேற மாதிரிப் பேசும்” என்பது அவர் பயம். பேத்தி சான்றிதழையே மாட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். மூவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

எங்களைத் தடுத்தது நான்காவது ஆள். இறந்துபோனவர். இது அவருடைய உடம்பின் விஷயம், அவரைக் கேட்க வழியில்லை. ஊரில் அவருடைய அக்கா உயிரோடு இருக்கிறார். தம்பி ஏன் கல்யாணம் வேண்டாம் என்றான் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. பெயரை மறைத்துவிட்டு மாட்டலாம் என்றால், காலனியில் அந்த வீட்டில் தங்கியிருந்தவர் யார் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனவே சான்றிதழைக் காட்டுவதில்லை என்று முடிவு. ஸ்கேன் எடுத்து, அசல் துண்டுகளை அமிலமில்லாத தாளுக்குள் வைத்து வீட்டிலேயே திருப்பிக் கொடுத்தோம்.

படிவம் எழுதியவரைப் பற்றியும் விவாதம் வந்தது. அவரும் இறந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு சந்து தள்ளி இருக்கிறார்கள். அவர் பெயரைப் போட வேண்டும், துரோகி என்றே எழுத வேண்டும் என்று சில பிள்ளைகள் கொதித்தார்கள். இறுதியில் ஒரு விதிக்கு வந்தோம்: உத்தரவு போட்டவர்களின் பெயர் இருக்கும், உத்தரவுக்குக் கீழே நசுங்கியவர்களின் பெயர் இருக்காது. பிரதமர் இந்திரா காந்தியின் பெயரும், எந்த அரசுப் பதவியிலும் இல்லாமலே குடும்பக் கட்டுப்பாட்டையும் குடிசை அகற்றலையும் முடுக்கிய சஞ்சய் காந்தியின் பெயரும் அட்டையில் வந்தன. படிவம் எழுதிய ஜுக்கிக்காரரின் பெயர் வரவில்லை. அவரும் ஒரு பர்ச்சிக்காகத்தான் அதைச் செய்தார். தவறே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவருடைய தவறும் மேலே இருந்தவர்களின் குற்றமும் ஒரே அட்டையில் ஒரே அளவு எழுத்தில் இருந்தால் அது பொய்யாகிவிடும்.

அதோடு இரண்டு பத்தி முறையையும் கைவிட்டோம். ஆயா புருஷனைத் தடுத்தது எதிர்ப்பா? அந்தத் தடுப்பால்தானே 22 வயதுப் பையன் போனான்? பாதி மனையைக் கொடுத்தது எதிர்ப்பு என்று வலது பக்கம் எழுதலாம் என்றாள் ஒருத்தி. இல்லை, அது கடன் அடைத்தது என்றான் இன்னொருவன். எந்தப் பக்கமும் எழுதாமல், நடந்ததை வரிசையாக எழுதுவதே சரி என்று நான் நினைத்தேன், பிள்ளைகளும் ஒப்புக்கொண்டார்கள். கொடுங்கோல் ஆட்சி எப்போதும் துப்பாக்கியோடு வருவதில்லை. தலைக்கு மேல் கூரை வேண்டும் என்ற தேவையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரனை வைத்தே வேலையை முடித்துக்கொள்கிறது. அந்த அட்டை இதைச் சொல்ல வேண்டும் என்று விரும்பினேன்.

இடையில் வந்த செய்தி

2025 ஜூன் 1 அன்று ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் கரையில் தமிழர்கள் வாழ்ந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி என்றார்கள், அதுவும் நகரின் வடகோடியில் நரேலாவில். எங்கள் காலனியில் பலருக்கு அங்கே சொந்தக்காரர்கள். இரவு முழுக்கப் போன் அடித்துக்கொண்டிருந்தது.

1976-ம் இதுவும் ஒன்றுதான் என்று அட்டை எழுதப் பிள்ளைகள் துடித்தார்கள். மறுத்தேன். இப்போது வழக்கு நடந்தது, கணக்கெடுப்பு நடந்தது, செய்தித்தாள்கள் எழுதின. 1976-ல் இவை இல்லை. 1975 ஜூன் 25 இரவே டெல்லிப் பத்திரிகைகளின் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெற்றிடமாக விட்டு வெளியிட நேர்ந்தது. இந்த வேறுபாட்டை அழித்துவிட்டால் அன்று பறிபோனது என்ன என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும். ஆனால் வீடு இழந்தவருக்கு இரவு தூக்கம் போவதில் வேறுபாடு இல்லை, அதையும் மறைக்க முடியாது. எனவே சமன்பாடு போடாமல், தேதியும் எண்ணிக்கையும் மட்டும் உள்ள தனி அட்டையாகக் கடைசியில் வைத்தோம்.

கண்காட்சியும் அதற்குப் பிறகும்

ஜூன் வெயிலுக்குப் பயந்து மாலையில்தான் திறந்தோம். அட்டைகள் தமிழிலும் இந்தியிலும். தரையில் 10 அடிக்கு இருபத்திரண்டரை அடி என்று சுண்ணாம்புக் கோடு போட்டு, 25 கஜத்தை அசல் அளவில் காட்டினோம். அதன் ஓரத்தில் இரண்டே வரி: “இந்த இடத்துக்காகச் சிலர் தங்கள் உடம்பைக் கொடுத்தார்கள். சிலர் வேறொருவர் உடம்பைக் கொடுக்க வேண்டியிருந்தது.”

அந்த வரியின் முன்னால்தான் கூட்டம் நின்றது. கட்டபொம்மனைக் கடந்து போனவர்கள் இங்கே நின்று பேசினார்கள். தெரு முழுக்க இதே கதை பல வடிவங்களில் இருந்திருக்கிறது, ஒவ்வொரு வீடும் தன்னுடையது மட்டுமே என்று நினைத்திருந்தது. ஒருவர் தானே செய்துகொண்டதாகச் சொன்னார். ஒரு அம்மா, இரவில் ஆண்களையெல்லாம் வயல் பக்கம் அனுப்பிவிட்டுப் பெண்கள் வாசலில் படுத்த கதையைச் சொன்னார். இன்னொரு வயதானவர் கோபமாக வந்து, மக்கள்தொகையை அப்போதே கட்டுப்படுத்தியிருக்காவிட்டால் நாடு என்ன ஆகியிருக்கும் என்று வாதிட்டார். அவரையும் பதிவுசெய்தோம்.

தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரோ 1977 தேர்தலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் உற்சாகமாகப் பேசினார். ஜனதா கட்சி போட்டியிட்ட, சக்கரத்துக்குள் ஏர் பிடித்த உழவன் சின்னத்தில் குத்தினாராம். டெல்லியின் 7 தொகுதிகளிலும் காங்கிரஸ் தோற்றது. ஊருக்குப் போனபோது அங்கே எல்லோரும் வேறு மாதிரி ஓட்டுப் போட்டிருந்தார்களாம். அது உண்மைதான். தமிழ்நாட்டில் அந்தத் தேர்தலில் காங்கிரஸ், அ.தி.மு.க. கூட்டணிதான் பெருவாரியாக வென்றது. தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, அதன் தலைவர்கள் சென்னைச் சிறையில் அடிபட்ட பிறகும். “இங்க நடந்தத நான் சொன்னா எங்கண்ணனே நம்பல” என்றார். தணிக்கைக்குள் இருந்த பத்திரிகைகளைப் படித்த அண்ணன் எப்படி நம்புவார்?

அன்று இரவு தாத்தாவுக்குப் படபடப்பு வந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மறுநாள் வீடு திரும்பினார். மகன் எங்கள் மேல் கோபப்படவில்லை. ஆனால் வீட்டில் இனி இந்தப் பேச்சு கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

இனி மாற்றிச் செய்யப்போவது

எதிர்த்தீர்களா என்ற கேள்வி இனி எங்கள் தாளில் இருக்காது. காகிதம், இடம், சோறு, வேலை என்று தொடங்குவோம். பெண்களிடம் முதலிலும் தனியாகவும் பேசுவோம். இந்த நிகழ்வில் வழி திறந்தது ஆயாவால்தான்.

பேரப்பிள்ளையே தன் வீட்டில் பேட்டி எடுப்பதை நிறுத்திவிட்டோம். அந்தப் பெண் தாங்கிக்கொண்டாள், எல்லோரும் தாங்குவார்கள் என்று வைத்துக்கொள்ள முடியாது. பேட்டி கொடுத்த பெரியவரை அன்றும் மறுநாளும் ஒருவர் போய்ப் பார்ப்பார். காலனியிலேயே இருக்கும் ஒரு நர்ஸ் அதற்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இறந்தவர்களின் மருத்துவக் காகிதம் கிடைத்தால், அவர்களுடைய சொந்த ரத்த உறவின் சம்மதமில்லாமல் காலனிக்குள் எங்கும் காட்டுவதில்லை. குரல் பதிவுகளின் ஒரு நகல் அந்தந்த வீட்டில், இன்னொன்று வகுப்பில். இணையத்தில் ஏற்றுவதில்லை. பொது இடத்தில் எழுதும்போது, இங்கே செய்திருப்பதுபோல் ஊரும் தெருவும் வராமல் எழுதலாம், அதுவும் வீட்டாருக்கு வாசித்துக் காட்டிய பிறகு.

ஊரில் இருக்கும் அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. அதை ஆயாவிடமே விட்டிருக்கிறோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். கண்காட்சியில் பேசியவர்களில் சிலர் தங்கள் பெட்டிகளைத் திறக்கச் சம்மதித்திருக்கிறார்கள். தீபாவளி முடிந்ததும் அந்த வீடுகளில் பதிவைத் தொடங்குகிறோம்.